சுகமடையாத சகோதரர்

மொன்றியாலில் மவுண்ட் ரோயல் மலைச்சரிவின்மேல் எழுந்து நிற்கும் அர்ச். சூசையப்பர் ஆலயத்துக்கு ஏறும் படிகளில், நடுவரிசையாகிய 99 மரப்படிகள் முழந்தாளில் ஏறுவோருக்கென்றே ஒதுக்கப்பட்டவை என்பதும், உள்ளே நேர்ச்சைக் கூடத்தின் தூண்களுக்கிடையே சுகமடைந்தோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் அடுக்கடுக்காய்த் தொங்குகின்றன என்பதும் இந்நகரத்துத் தமிழ்க் குருக்களுக்கும் உபதேசியார்களுக்கும் நாம் எடுத்துரைக்க வேண்டிய செய்தியல்ல.

ஆயினும், அவ்வாலயத்துக்கு மூலகாரணராய் இருந்து 2010ல் புனிதர் பட்டம் பெற்ற சகோதரர் அந்திரேயின் சரித்திரத்தில், நம் பிரசங்கங்களில் அதிகம் இடம்பெறாத பகுதி ஒன்றுண்டு. 1845ல் பிறந்து, படிப்பு அற்பமாய், ஆலயத்துக்கு எதிரேயுள்ள நொத்ர்தாம் கல்லூரியில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் வாயில்காப்போராய் ஊழியஞ்செய்து, சூசையப்பர் சுரூபத்தின்முன் எரிந்த விளக்கின் எண்ணெயை நோயாளிகளுக்குக் கொடுத்தனுப்பிய அம்மனிதர், தம்முடைய வயிற்றுநோயினின்று கடைசிவரை விடுபடவேயில்லை. தண்ணீரில் மாவு கரைத்த கஞ்சியே பலகாலம் அவருக்கு ஆகாரம். சுகமளிப்பவர் என்று யாரேனும் தம்மைப் புகழ்ந்தால் கோபித்துக்கொள்வார். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லத் தொடங்கினாலோ நேரம் போவது அறியார். 1937 ஜனவரியில் அவர் மரித்தபோது, அந்தக் குளிரில் அவருடலைக் காண வந்தோர் சுமார் 10 லட்சம் பேர். அவர்களில் எத்தனை பேர் ஊன்றுகோலோடேயே வீடு திரும்பினார்கள் என்பதற்குக் கணக்குமில்லை, அக்கோல்களை மாட்ட ஆலயத்தில் ஆணியுமில்லை.

நம் பிரசங்க மேடைக்கு வருவோம். தன்னம்பிக்கை, மனச்சாந்தி, குடும்ப அபிவிருத்தி என்பவற்றைப் பேசுவது தோஷமென்று நாம் சொல்லவில்லை. சனியிரவு முழுவதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு நேரே பூசைக்கு வருகிறவனுக்கு ஆறுதல் வேண்டாமா? ஆனால், தேவனோடு ஐக்கியமாவதே இலட்சியம், மற்றவையெல்லாம் சாதனம் என்றிருந்த முறையைத் தலைகீழாக்கி, சிலுவையில் மரித்தவரை அவனுடைய உத்தியோக உயர்வுக்குச் சிபாரிசுக்காரராக ஆக்கிவிடும்போது, வேலை போன நாளிலும் மருத்துவர் கைவிரித்த நாளிலும் அவன் கையில் நாம் கொடுத்தது ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சென்ற வாரம் பழைய பிரசங்கக் குறிப்பொன்றை எடுத்து, கிறிஸ்துவின் திருநாமம் வந்த ஐந்து இடங்களிலும் பென்சிலால் அடித்துவிட்டு வாசித்துப் பார்த்தோம். ஒரு வாக்கியமும் குலையவில்லை. எந்தக் கம்பெனியின் பயிற்சி வகுப்பிலும் கைதட்டல் பெற்றிருக்கும். கையெழுத்து எம்முடையதுதான். தபசுக்காலத்துக்கு முன் அதைத் திரும்ப எழுதியாக வேண்டும்.