தாத்தா போட்ட தண்டவாளம்

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க? நான் இந்தத் தடவை கட்டிலுக்கு அடியில் தலையை விட்டேன். ஒட்டடை, உடைஞ்ச பேட், பழைய கைடு... எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு பலகை. என் வாழ்க்கையின் முதல் இன்ஜினீயரிங் புராஜெக்ட்!

எனக்கு ஊர் மாரண்டஹள்ளி. சேலம் - பெங்களூரு பாதையில் தருமபுரி, பாலக்கோடு தாண்டினா எங்க ஸ்டேஷன். தினமும் ரயிலைப் பார்த்து வளர்ற பையன், வீட்டுக்கும் ஒரு ரயில் கேட்டு அழ மாட்டானா? அழுதேன். கடையில வட்டமா ஓடுற ரயிலுக்கு விலை கேட்ட அப்பா, சத்தமில்லாம என்னை அடுத்த கடைக்கு இழுத்துட்டுப் போயிட்டார்.

தாத்தாதான் காப்பாத்தினார். தக்காளிப் பெட்டியை உடைச்சு பலகை. ஈர்க்குச்சி தண்டவாளம், தீக்குச்சி கட்டை, தீப்பெட்டி கோச், பேனா மூடியில புகைபோக்கி. ஜல்லிக்குப் பதிலா கேழ்வரகு (பாட்டி போட்ட சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்!). பலகையைச் சுத்தி ஒரு பாதை நான் போட்டேன். அதுக்கு உள்பக்கமா தாத்தா ஒண்ணு போட்டார். சண்டை அங்கதான் ஆரம்பம்.

என் தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு தீப்பெட்டியைப் படுக்கப் போடலாம். அவரோடதுல பாதிகூட நுழையாது. "தாத்தா, தப்பா போட்டிருக்க. ஸ்டேஷன்ல போய்ப் பாரு!"ன்னு கத்தினேன். "ரயிலு இவ்ளோதான் கண்ணு இருக்கும்"னு சிரிச்சார். கோபத்துல ஒரே இழு. ரெண்டு நாள் உட்கார்ந்து அவர் ஒட்டினதுல பாதி என் கையோட வந்துடுச்சு. திட்டலை. எழுந்து திண்ணைக்குப் போயிட்டார். அப்ப எனக்கு எட்டு வயசு. நாலு வருஷத்துல தாத்தாவும் போயிட்டார்.

போன செமஸ்டர்ல ரயில்வே கேஜ் பத்தி ஒரு செமினார். தூக்கத்தோட லைப்ரரியில புரட்டினவன், ஒரு இடத்துல நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1906-ல் மொரப்பூர் - தருமபுரி குறுகிய ரயில் பாதை. 1913-ல் அது ஓசூர் வரைக்கும் போயிருக்கு. தண்டவாள இடைவெளி இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ. இரண்டாம் உலகப்போர் நேரத்துல, 1941-ல் மூடிட்டாங்க. அப்புறம் 1960-களில் மீட்டர் கேஜ், 1990-களில் இப்ப இருக்குற அகலப்பாதை. அதோட இடைவெளி 1676 மி.மீ.

கால்குலேட்டர் எடுங்க பாஸ். 762-ஐ 1676-ஆல் வகுத்தா 0.45. பாதிக்கும் கீழே!

1941-ல் தாத்தாவுக்கு எட்டு வயசு. அவர் தப்பா போடலை. எட்டு வயசுல அவர் பார்த்த ரயிலைப் போட்டிருக்கார். நான் எட்டு வயசுல பார்த்த ரயிலை வெச்சுக்கிட்டு, அதைப் பிய்ச்சுப் போட்டிருக்கேன்.

இன்னொரு விஷயமும் இருக்கு. வீட்டுல மாடல் ரயில் ஓட்டுறவங்ககிட்ட உலகம் முழுக்கப் பிரபலமான அளவு ஹெச்.ஓ. நிஜத்துல 87-ல் ஒரு பங்கு. அதுக்குக் கடையில கிடைக்கிற தண்டவாளம் 16.5 மி.மீ. அது 1435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜுக்கான கணக்கு. நம்ம 1676-ஐ 87-ஆல் வகுத்தா 19.3 வரும். ம்ஹூம், பொருந்தாது! ஆனா தாத்தாவோட 762-ஐ வகுங்க... 8.76. 'என்' அளவு குட்டி ரயிலுக்கான 9 மி.மீ. தண்டவாளம் ரெடிமேடாவே விற்குது. வித்தியாசம் வெறும் கால் மில்லிமீட்டர். லேப்ல நாம அடிக்கிற அட்ஜஸ்ட்மென்ட்டைவிட இது கம்மி! நான் 'கரெக்ட்'னு சண்டை போட்ட ரயிலுக்குக் கடையில பாதை இல்லை. தாத்தாவோட ரயிலுக்கு இருக்கு.

ஆனா, நான் அதை வாங்கப் போறதில்லை. பலகையில அவர் போட்டதுல மிச்சப் பாதி இன்னும் கெட்டியா ஒட்டிட்டிருக்கு. தென்னந்துடைப்பத்துல நாலு ஈர்க்குச்சி உருவி, பிய்ச்ச இடத்தை நானே ஒட்டிட்டிருக்கேன். 'அந்த ரயில் எப்படிச் சத்தம் போடும் தாத்தா, எங்கெங்க நிக்கும்?'னு கேட்கத் தோணுது. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

உங்க வீட்டுத் திண்ணையில் யாராச்சும் உட்கார்ந்திருக்காங்களா? அவங்க சொன்ன எதையாவது 'தப்பு'ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கீங்களா? போய்ப் பக்கத்துல உட்காருங்க. செமினார் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க!