வகுலின் நேர்மையும் வளர்ச்சி வங்கியின் மறைவும்

2024 மே 18 அன்று சென்னையில் காலமான நாராயணன் வகுலை முதலாளித்துவ ஏடுகள் நவீன இந்திய வங்கித்துறையின் சிற்பி எனப் போற்றின. மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் நடுத்தரத் தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய வாழ்க்கை வரலாறு பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதையாகவே ஆகிவிடும். அது சொல்லத் தகுந்த கதைதான். ஆனால் அதன் பாதிதான் சொல்லப்படுகிறது.

வகுலை உருவாக்கியது தனியார் மூலதனம் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த அவர் முதலில் பணியேற்றது ஸ்டேட் வங்கியில். பின்னர் சென்ட்ரல் வங்கியின் செயல் இயக்குநரானார். 1981-இல், 44 வயதில், பாங்க் ஆஃப் இந்தியாவின் தலைவரானார். இவ்விரு வங்கிகளும் 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையான பதினான்கில் அடங்கியவை. கிளை கிளையாகச் சென்று சிறுசேமிப்பைத் திரட்டிய ஊழியர்களின் உழைப்பின் மேல்தான் அவரது அனுபவம் வளர்ந்தது.

1985-இல் அவர் ஐசிஐசிஐ-யின் தலைமைக்கு வந்தார். அந்நாளைய ஐசிஐசிஐ இன்றைய கடன் அட்டை வங்கி அன்று. 1955-இல் உலக வங்கி, இந்திய அரசு, தொழிலதிபர்கள் ஆகியோரின் கூட்டு முயற்சியில் பிறந்த வளர்ச்சி நிதி நிறுவனம் அது. இயந்திரம் வாங்கவும் ஆலை கட்டவும் பத்து, பதினைந்து ஆண்டுக் கடன் தருவதே அதன் வேலை. பிறப்பில் தனியார் நிறுவனமேயாயினும், காலப்போக்கில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் போன்ற பொதுத்துறை நிறுவனங்களே அதன் பெரும் பங்குதாரர்களாயின.

1987-இல் ரிசர்வ் வங்கிக்காகப் பணச்சந்தை பற்றி அவரது குழு தந்த அறிக்கை, பெருநிறுவனங்கள் குறுகிய காலப் பணத்தைச் சந்தையில் நேரடியாகத் திரட்டும் வழியைத் திறந்தது. 1993-இல் அமெரிக்காவின் ஜே.பி.மார்கனுடன் கூட்டாக ஐசிஐசிஐ செக்யூரிட்டீஸ் என்னும் முதலீட்டு வங்கி தொடங்கப்பட்டது. மறு ஆண்டு வணிக வங்கி. 1999-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம். 2002-இல் தாய் நிறுவனமே தன் சேய் வங்கிக்குள் இணைந்து மறைந்தது. நிர்வாகப் பொறுப்பு 1996-இலேயே கே.வி.காமத்திடம் சென்றிருந்தாலும், 2009 வரை தலைவர் நாற்காலியில் இருந்தவர் வகுலே.

அவர் கைசுத்தமானவர் என்பதில் ஐயமில்லை. அவரை வெறும் ஏகாதிபத்தியக் கையாள் என்று தள்ளிவிடுவது சோம்பேறி விமர்சனம். எண்பதுகளின் கடன் மேளாக்களில் பொதுத்துறை வங்கிகள் ஆளுங்கட்சியின் மேடையாக்கப்பட்டதும் உண்மையே. அந்த நோய்க்கு மருந்து வங்கிகளின் மீது மக்களின் கண்காணிப்பு. தரப்பட்டதோ சந்தை. வளர்ச்சி நிறுவனங்கள் வங்கிகளாக மாற வேண்டுமென்று 1998-இல் இரண்டாவது நரசிம்மம் குழுவும் சொன்னது. மலிவான நீண்டகால நிதிக்கான வழிகளை அரசு அதற்கு முன்பே அடைக்கத் தொடங்கியிருந்தது. வங்கி மூலதனமும் தொழில் மூலதனமும் பிணைவதைப் பற்றி 1916-இல் லெனின் எழுதியதைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. தனிமனிதரின் நேர்மை இந்தப் போக்கைத் தடுக்காது. அதற்கு நம்பகத்தன்மையை மட்டும் தேடித்தரும்.

பெண்களை உயர் பொறுப்புகளுக்கு வளர்த்தெடுத்தார் என்பது அவருக்குரிய நியாயமான புகழ். கல்பனா மொர்பாரியா ஜே.பி.மார்கனின் இந்தியத் தலைமைக்கும், ஷிகா சர்மா ஆக்சிஸ் வங்கித் தலைமைக்கும் சென்றனர். பொது நிதியில் பயின்ற திறமை எத்திசையில் நடந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஐசிஐசிஐ வங்கியின் தலைமையகம் பாந்த்ரா–குர்லா வளாகத்தில் இருக்கிறது. மித்தி ஆற்றுக்கு இப்பால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள். நிலப்பட்டா இல்லாத பட்டறைக்காரர் ஒரு தையல் இயந்திரத்துக்காக இன்றும் வட்டிக்காரரையே நாடுகிறார். சுனாபட்டியிலிருந்து அந்த வளாகத்துக்கு 2019-இல் மேம்பாலம் வந்தது. அதே சுனாபட்டியில், 1886-இல் ஜாம்ஷெட்ஜி டாடா வாங்கிச் சுதேசி எனப் பெயரிட்ட ஆலை 2000-இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் தங்கள் பாக்கித் தொகைக்காக நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கினர்.

நீண்டகாலக் கடன் தர நாட்டில் நிறுவனமில்லை என்பதை அரசே இறுதியில் ஒப்புக்கொண்டது. 2021-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி, 20,000 கோடி ரூபாய் மூலதனத்துடன் உள்கட்டமைப்புக்கான புதிய வளர்ச்சி வங்கி அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவராக அமர்த்தப்பட்டவர் கே.வி.காமத், பழைய வளர்ச்சி வங்கி கரைந்தபோது அதன் நிர்வாகத்தை நடத்தியவர். புதிய வங்கியின் பணம் நெடுஞ்சாலைக்கும் மின்நிலையத்துக்கும் செல்லும். தாராவிப் பட்டறைக்கு நிலப்பட்டா கேட்காமல், ஐந்தாண்டுத் தவணையில் இயந்திரக் கடன் தரும் பொதுத்துறைக் கிளை எது என்ற கேள்வியை அங்குள்ள தோழர்கள் பகுதிக் கூட்டங்களில் எழுப்பத் தொடங்கலாம்.