நேராகப் பார் என்று சொல்வதற்கு முன்

பெருங்களத்தூரில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன் என் முன்வரிசையில் ஒரு சிறுமி இருந்தாள். கரும்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்வாள். "நேரா பாரும்மா" என்று மோவாயைப் பிடித்துத் திருப்பிவிடுவேன். மறுநிமிடமே பழையபடி. பிடிவாதம் என்று நினைத்தேன். அவள் பாட்டி சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார். மாறுகண் அதிர்ஷ்டம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பள்ளிக் கண் பரிசோதனையில் கடைசி வரிவரை தெளிவாக வாசித்தாள். குறை இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை பார்க்கும் அவள் அம்மா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, தாம்பரத்தில் மின்சார ரயிலேறி அவளை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். 1819-இல் தொடங்கிய மருத்துவமனை அது. நானும் உடன் போனேன். டாக்டர் ஒரு பேனாவைக் காட்டி, தலையை அசைக்காமல் அதையே பார்க்கச் சொன்னார். பேனா இடப்பக்கம் போனது. இடது கண் நடுவிலேயே நின்றது. வலப்பக்கம் போனபோது அதே கண் உள்ளிழுத்து, இமை சிறுத்தது.

டுவேன் சிண்ட்ரோம். கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்கான ஆறாம் நரம்பு கருவிலேயே சரியாக உருவாகாமல், வேறொரு நரம்பின் கிளை அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. பெண் குழந்தைகளிடமும் இடது கண்ணிலும் சற்று அதிகம். முகத்தைத் திருப்பினால்தான் அவளுக்கு இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும். அந்தத் தலையைத்தான் நான் தினமும் நேராக்கிக்கொண்டிருந்தேன். இன்றும் மனசு கேட்கவில்லை.

எல்லாருக்கும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. கழுத்து அதிகம் திரும்பியிருந்தாலோ, நேராகப் பார்க்கும்போதே கண் உள்நோக்கி இருந்தாலோ செய்வார்கள். மயக்க மருந்து கொடுத்து, மூக்கோரத் தசையைப் பிரித்துச் சில மில்லிமீட்டர் பின்தள்ளித் தைப்பார்கள். கண்ணை வெளியே எடுத்து வைப்பார்கள் என்று தெருவில் சொல்வது பொய். ஆனால் அந்தக் கண் இடப்பக்கம் முழுதாகத் திரும்பிவிடாது. இல்லாத நரம்பை யாராலும் தைக்க முடியாது. கழுத்து நேராகும். டாக்டர் இதை முதலிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

எழுத்துப் பலகை பார்வையை அளக்கும், கண்ணின் அசைவை அளக்காது. அதனால் பள்ளிப் பரிசோதனையில் ஒரு பென்சிலையும் சேர்க்க வேண்டும் என்கிறேன்: தலை அசையாமல் இடம், வலம், மேல், கீழ். ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம். ஒரு கண் மங்கத் தொடங்கியிருந்தால், ஏழெட்டு வயதுக்குள் மீட்பதுதான் எளிது. எங்களிடம் வருபவர்கள் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் என் வகுப்பில் நானே பென்சிலோடு நிற்பேன்.