குடும்பக் கணக்கு: கைப்பேசியில் எவ்வளவு இடம் வேண்டும்?



சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் துணைவியாருடன் என் இல்லத்திற்கு வந்திருந்தார். தருமபுரி மாவட்டத்தினர், பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பணிபுரிபவர். அவருடைய மகள் பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறி ஆடினாளாம். அன்பர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுக்கத் தொடங்கினார். இரண்டு நிமிடம் கழியுமுன் ‘இடம் இல்லை’ என்று அறிவித்துவிட்டு அது நின்றுவிட்டது. பழைய படங்களை அழிக்க அவர் தடுமாறிக்கொண்டிருந்தபோதே ஆட்டமும் முடிந்தது. ஊரிலிருக்கும் பாட்டிக்கு அனுப்ப வேண்டிய படம் பாதியில் அறுந்து போயிற்று.

“அண்ணா, புதுக் கைப்பேசி வாங்கப் போகிறேன். 128 ஜி.பி. போதுமா, 256 ஜி.பி. வேண்டுமா? இரண்டுக்கும் சில ஆயிரம் ரூபாய் வேறுபாடு சொல்கிறார்கள்” என்று வினவினார் அன்பர்.

அவர் துணைவியார் குறுக்கிட்டு, “இவர் பெரிதாக வாங்குவதைப் பற்றியே பேசுகிறார், அண்ணா. உள்ளே வைப்பது பத்திரமாக இருக்குமா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்” என்றார்.

முதல் வினா பணத்தைப் பற்றியது. இரண்டாவது அதனினும் பெரியது. இரண்டையும் இத்திங்கள் ஆராய்வோம்.

நான் பொறியியல் கற்றவன் அல்லன். இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதுபவன். ஆயினும், இது பெரும்பாலும் கூட்டல், பெருக்கல் கணக்கே. பயணி ஒருவர் இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரையிலும், படுக்கை வகுப்பில் 40 கிலோ வரையிலும் கட்டணமின்றிச் சுமை கொண்டு செல்லலாம். அதற்கு மேல் உள்ளவர் முதலில் மூட்டையை நிறுத்துப் பார்க்கவேண்டும். பெட்டி சிறியதென்று குறை கூறுதல் அதற்குப் பின்னர்தான். கைப்பேசியிலும் அவ்வாறே. நம் மூட்டையின் எடையை முதலில் அறிவோம்.

இக்காலத்துக் கைப்பேசி எடுக்கும் சாதாரணப் புகைப்படம் ஒன்று ஏறக்குறைய 3 முதல் 5 எம்.பி. வரை இடம் கொள்ளும். 4 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தில் நாளொன்றுக்குப் பத்துப் படங்கள் எடுத்தால் ஆண்டுக்கு 3,650 படங்கள். அவை கொள்ளும் இடம் 14,600 எம்.பி., அதாவது ஏறத்தாழ 15 ஜி.பி. இது அஞ்சத்தக்க அளவன்று.

இடத்தை விழுங்குவது வீடியோவே. 1080 என்னும் அளவில் எடுத்தால், வழக்கமான முறையில், நிமிடத்திற்குச் சுமார் 130 எம்.பி. ஆகும். 4கே என்னும் உயர்ந்த அளவில் எடுத்தால் நிமிடத்திற்கு 350 எம்.பி. வரை ஆகக்கூடும். 720 என்னும் சிறிய அளவில் 60 முதல் 90 எம்.பி. போதும். வாரத்திற்கு ஐந்து நிமிடம் வீடியோ எடுக்கும் இல்லத்தில் ஆண்டுக்கு 260 நிமிடங்கள். அதனை 1080 அளவில் எடுத்தால் ஏறத்தாழ 34 ஜி.பி.; 4கே அளவில் எடுத்தாலோ 91 ஜி.பி. குழந்தை அதே குழந்தை, ஆட்டம் அதே ஆட்டம். ஒரு சிறு தேர்வை மாற்றினமையால் சுமை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. பெரிய தொலைக்காட்சித் திரையில் கண்டாலன்றி இவ்விரண்டின் வேற்றுமை பெரும்பாலோர் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலின், கேமராவின் அமைப்பில் 4கே என்றிருப்பின் 1080 என்று மாற்றிக்கொள்ளுதல் முதற் சிக்கனம். புதிய கைப்பேசிகளில் வீடியோவை மேலும் சுருக்கி வைக்கும் முறையும் உண்டு. அதனைத் தேர்ந்தால் மேற்கண்ட அளவுகள் ஏறக்குறையப் பாதியாகும்.

படமும் வீடியோவும் சேர்ந்து, நடுத்தரக் குடும்பம் ஒன்றின் ஓராண்டுச் சுமை சுமார் 50 ஜி.பி. என்று கொள்வோம். 128 ஜி.பி. என்று எழுதியிருக்கும் கைப்பேசியில் அவ்வளவு இடமும் நமக்குக் கிடைப்பதில்லை. கைப்பேசி இயங்குவதற்கான ஏற்பாடுகளும், வங்கி, வாட்ஸாப், யூடியூப் முதலிய செயலிகளும் 35 அல்லது 40 ஜி.பி. வரை எடுத்துக்கொள்ளும். எஞ்சுவது 90 ஜி.பி. அளவே. ஆக, எதையும் நீக்காமல் அடுக்கிக்கொண்டே போனால் இரண்டாண்டு நிறையுமுன் 128 நிரம்பும். 256 நான்காண்டுக்குச் சற்று மேல் தாங்கும். 64 ஜி.பி. கைப்பேசி ஓராண்டுகூடத் தாங்காது. கணக்கு இவ்வளவே.

ஆனால், நம் கைப்பேசிகளில் நிறைந்திருப்பவை நாம் எடுத்த படங்கள் மட்டுந்தாமா? 2018 ஜனவரியில் அமெரிக்க நாளேடான வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட செய்தியொன்று நம் நாட்டைப் பற்றியது. இந்தியர்களின் கைப்பேசிகள் ஏன் அடிக்கடி திணறி நிற்கின்றன என்று கூகுள் நிறுவனத்தார் ஆராய்ந்தனர். மலரும், கதிரவனும், குழந்தை முகமும் தாங்கி நாள்தோறும் விடியலில் வரும் ‘காலை வணக்கம்’ படங்களே பெருங்காரணம் என்று கண்டனர்! இந்தியாவில் மூவரில் ஒருவருக்கு நாள்தோறும் கைப்பேசியில் இடம் தீர்ந்துபோகிறது, அமெரிக்காவிலோ பதின்மரில் ஒருவருக்கே அவ்வாறாகிறது என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் கணக்கும் அச்செய்தியில் இடம்பெற்றது. இத்தகைய குப்பையைக் களைவதற்கென்றே கூகுள் 2017 டிசம்பரில் ‘பைல்ஸ் கோ’ என்னும் செயலியை வெளியிட்டது. இன்று அது ‘பைல்ஸ்’ என்ற பெயரில் பல கைப்பேசிகளில் முன்னரே வைக்கப்பட்டிருக்கிறது.

வணக்கம் கூறுவது குற்றமன்று. சித்தப்பாவின் காலை வணக்கம் அவர் நலமாயிருக்கிறார் என்பதற்கு அடையாளம். அதனைக் கண்டு மகிழ்ந்து, விடை கூறி, பின் அழித்துவிடலாம். வாட்ஸாப் அமைப்பினுள் ‘ஸ்டோரேஜ்’ என்ற பகுதிக்குச் சென்றால், பலமுறை கைமாறி வந்த படங்களையும், 5 எம்.பி.க்கு மேற்பட்ட பெரிய கோப்புகளையும் தனியே பிரித்துக் காட்டும். தானாகவே படங்கள் இறங்குவதையும் அங்கேயே நிறுத்திவைக்கலாம். மாதச் சம்பளம் வரும் நாளில் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

இங்கே நம் பிழையொன்றையும் கூறவேண்டும். நாம் இடமின்றித் தவிப்பது ஒருபுறமிருக்க, ஊரிலுள்ள தாய் தந்தையரின் கைப்பேசியை நிரப்புபவர் யார்? நாமே! பெரும்பாலும் நாம் பயன்படுத்திக் கழித்த பழைய கைப்பேசியே அவர்களுக்குச் செல்கிறது. அதில் 32 ஜி.பி. இருந்தால் மிகுதி. பேரப்பிள்ளை பல் துலக்குவது, உறங்குவது, விழிப்பது என்று நாள்தோறும் பத்து வீடியோக்களை அனுப்புகிறோம். இடம் தீர்ந்தவுடன் வாட்ஸாப் நின்றுவிடுகிறது. “பிள்ளை இரண்டு நாளாக ஒன்றும் அனுப்பவில்லையே” என்று அவர்கள் கலங்குகிறார்கள். அழிக்கும் வழியும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பேரனின் படத்தை அழிக்க மனம் வராது. ஆகவே, வாரத்திற்கு மூன்று நல்ல படங்களும் ஒரு சிறு வீடியோவும் அனுப்புவோம். ஊருக்குச் செல்லும்போது, ஓசூர் பேருந்தில் ஏறும் முன்னரே, ‘அம்மாவின் கைப்பேசியைத் துப்புரவு செய்தல்’ என்பதையும் வேலைப் பட்டியலில் எழுதிக்கொள்வோம்.

இனி, அவ்வம்மையார் வினவியதற்கு வருவோம்.

ஹெப்பகோடியில் எங்கள் தெருவில் வாழும் முதியவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நெரிசலில் கைப்பேசியைப் பறிகொடுத்தார். அதன் விலையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறைந்த அவர் மனைவியார் சமையலறையில் நின்று ரசம் வைக்கும் பக்குவத்தை மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்த வீடியோ ஒன்று அதில் இருந்தது. நான்கு நிமிடம். அவ்வம்மையாரின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. “முகத்திற்குச் சுவரில் படம் இருக்கிறது, தம்பி, குரலுக்கு எங்கே போவேன்?” என்று அவர் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. அவர் கைப்பேசியில் இடத்திற்குக் குறைவே இல்லை. இரண்டாவது படி ஒன்று இல்லாததே குறை. அந்த நான்கு நிமிடத்திற்கு வேண்டிய இடம் ஏறக்குறைய அரை ஜி.பி.; அவ்வளவே.

ஒரே ஒரு படி மட்டும் இருப்பது இல்லாமைக்கு அடுத்த நிலை. இதனைத் தமிழர்களாகிய நாம் அறியாதவர் அல்லோம். 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. பிற இடங்களில் படி இருந்தவற்றை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. அங்கு மட்டுமே இருந்தவை போயின, போயினவே. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோதும், எத்தனையோ இல்லங்களில் திருமண ஆல்பங்கள் சேற்றில் ஊறி அழிந்தன.

பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்த வகையையும் எண்ணிப் பாருங்கள். பனையோலை நெடுங்காலம் நில்லாது. பூச்சியும் ஈரமும் அதனை அரிக்கும். ஆதலால், தலைமுறைதோறும் ஒருவர் அமர்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினார். வெவ்வேறு ஊர்களில் அவ்வாறு எஞ்சிய ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டுத்தான் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். நம் கைப்பேசியும், பென் டிரைவும், மெமரி கார்டும் பனையோலையினும் உறுதியானவை அல்ல. அவற்றினுள் செய்தி மின்னூட்டமாகவே நிற்கிறது. பல்லாண்டு மின்சாரமின்றிப் பெட்டியில் கிடந்தால் அது மெல்லக் கசிந்து போகக்கூடும். ஹார்டு டிஸ்கு கீழே விழுந்தால் பழுதாகும். ஆகவே, படி எடுத்தலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதில் மாற்றுதலும் நம் கடன்.

‘கூகுளில் தானே போய்ச் சேர்ந்துவிடுகிறதே’ என்பார் சிலர். 2015-இல் கூகுள் போட்டோஸ் தொடங்கியபோது, சற்றுச் சுருக்கிய படங்களை வரம்பின்றி இலவசமாக வைத்துக்கொள்ள இடம் தந்தது உண்மை. 2021 ஜூன் 1 முதல் அவ்வழக்கம் நின்றது. இப்போது மின்னஞ்சல், கோப்பு, படம் எல்லாவற்றிற்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜி.பி. மட்டுமே, ஆண்டிராய்டு கைப்பேசிகளில் வாட்ஸாப் சேமிப்பும் அதற்குள்ளேயே அடங்குகிறது. நம் கணக்குப்படி புகைப்படங்கள் மட்டுமே ஓராண்டில் அதனை நிரப்பிவிடும். நிரம்பிய பின் புதிய படங்கள் அங்குச் சேர்வதில்லை. ‘சேர்ந்துகொண்டிருக்கிறது’ என்று நாம் நம்பியிருப்போம். சென்ற ஓராண்டுப் படங்களுள் ஒன்றும் அங்கிராது. இன்றே திறந்து பாருங்கள்.

மற்றும் மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, கூகுள் போட்டோஸினுள் ஒரு படத்தை அழித்தால், கைப்பேசியிலும் கூகுளிலும் ஒருங்கே அழியும். குப்பைக் கூடையில் 60 நாள் வரை இருக்கும், அதன்பின் மீளாது. கைப்பேசியில் மட்டும் இடம் செய்ய விரும்புவோர், அதற்கென உள்ள ‘இடத்தைக் காலியாக்கு’ என்னும் பொத்தானையே பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, இரண்டாண்டு திறவாத கணக்கை அந்நிறுவனம் நீக்கக்கூடும். மறைந்த பெரியவர்களின் கணக்கில் படங்கள் இருப்பின் காலந்தாழ்த்தாது இறக்கி வைத்துக்கொள்க. மூன்றாவது, வாட்ஸாப்பில் படமாக அனுப்பியது சுருங்கிய படியே. முழு அளவில் செல்லவேண்டுமாயின் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புக.

இவற்றையெல்லாம் எண்ணி, அன்பருக்கு நான் கூறிய விடை இது: “128 ஜி.பி. வாங்குங்கள். வீடியோவை 1080 அளவில் வையுங்கள். மாதம் ஒருமுறை குப்பையைக் களையுங்கள். மிச்சமாகும் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்கு ஒன்று வாங்குங்கள். அதில் 1,000 ஜி.பி. கொள்ளும், உங்கள் கணக்குப்படி இருபது ஆண்டுச் சுமைக்கும் அது போதும். ஆண்டுக்கு இருமுறை எல்லாவற்றையும் அதில் படி எடுங்கள். துப்புரவு செய்யவோ படி எடுக்கவோ இயலாதவர் மட்டும் 256 வாங்கட்டும். ஆனால், இடம் பெரிதென்பதால் காவல் பெரிதென்று எண்ண வேண்டாம்.”

அவர் துணைவியார் மற்றொன்று சேர்த்தார். “பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, இன்னொரு படியை எங்கள் அண்ணன் வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று” என்றார். கற்றறிந்தோர் கூறும் முறையும் இதுவே: படிகள் மூன்று, கருவிகள் இரு வகை, ஒன்று வேற்றூரில். இரண்டு ஊர்களில் வேர் உள்ள நமக்கு இது மிக எளிது. வாடகை வீடு மாறி மாறிச் செல்லும் நமக்கு இது மிகத் தேவையுங்கூட.

நேயர்களே, இத்திங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் இல்லத்துப் பெரியவர் ஒருவரை அமரச் செய்து, ஐந்து நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஊர்ப்பெயர், பாட்டன் பெயர், ஒரு சமையற் பக்குவம் என எதுவாயினும் நன்று. பின்னர், அன்றே, அதற்கு இரண்டு படி எடுங்கள். எங்கள் தெருப் பெரியவருக்கு வாய்க்காதது உங்கள் பிள்ளைகளுக்கு வாய்க்கட்டும்.

அடுத்த திங்கள் வேறொரு குடும்பக் கணக்குடன் சந்திப்போம்.