உழுவதற்கு ஒரு விதி, விற்பதற்கு ஒரு விதியா?

ஒலக்கூர் பக்கத்தில் விவசாயம் செய்யும் உறவினர் மகன் ஒருவர், சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கலாமா என்ற கேள்வியோடு அண்மையில் என்னிடம் வந்தார். மூன்று ஏக்கர் நிலம். கோடையில் தர்பூசணி, மற்றப் பருவங்களில் நெல்லும் மணிலாவும். வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் சொந்த வண்டிக்குத் தவணை கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. கையில் மூன்று விற்பனை நிலையங்களின் விலைப்பட்டியல் வைத்திருந்தார். வரி குறைந்ததால் மிச்சமாகும் தொகைதான் மூன்றிலும் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

அந்தச் செய்தி பொய்யன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. ஆனால், வண்டியின் விலை வேறு, வண்டி வைத்திருப்பதன் விலை வேறு. இந்த வேறுபாட்டை வாங்குபவரும் உணர வேண்டும். கொள்கை வகுப்பவரும் உணர வேண்டும்.

அமெரிக்காவில் பிக்கப் என்பது குடும்ப வாகனமும்கூட. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை பிக்கப்புகள் அங்கே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக விற்பனையில் முன்னணியில் இருக்கின்றன. நம் நாட்டிலும் அந்த வகையில் ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்றவை உண்டு. 30 லட்சம் ரூபாய் அளவுக்குக் கொடுத்து, வெள்ளைப் பலகையில் சொந்த வாகனமாகப் பதிவு செய்து ஓட்டுவோரும் உண்டு. ஒலக்கூர் விவசாயி கேட்கும் பிக்கப் அதுவன்று. 2005-இல் டாடா ஏஸ் வந்து, ஊர் வாயில் ‘குட்டி யானை’ ஆனதே, அந்த மரபைச் சேர்ந்தது. 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. பொலேரோ பிக்கப் ஏற்கெனவே கிராமச் சாலைகளில் வேரூன்றியிருந்தது. மாட்டு வண்டி விட்டுச்சென்ற இடத்தை இவைதான் நிரப்பின.

எதைத் தேர்வது என்பதில் முதல் அளவுகோல் எடை. தர்பூசணி கனமான சரக்கு. தொட்டி நிரம்புவதற்கு முன்பே அனுமதிக்கப்பட்ட எடை நிரம்பிவிடும். 3.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் 2025-இல் அறிமுகமான ஏஸ் புரோ ஏற்றக்கூடியது 750 கிலோ. பொலேரோ பிக்கப்பில் 1.3 டன் முதல் 1.7 டன் வரை வகைகள் உள்ளன. விலையைப் பார்த்துச் சிறிய வண்டியை வாங்கிவிட்டு, ஒன்றரை டன் ஏற்றுவதுதான் நடைமுறையில் காணும் தவறு. பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம்; கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். பிடிபடாவிட்டாலும் பிரேக்கும் டயரும் அச்சும் அந்த அபராதத்தை வேறு வழியில் வாங்கிக்கொள்ளும்.

பெரிய வண்டிக்கு வேறொரு கணக்கு உண்டு. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை, தாண்டினால் தேவை. 1.7 டன் ஏற்றும் வண்டி அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை நிம்மதியான செய்தி ஒன்று உண்டு. 7,500 கிலோ வரையிலான சரக்கு வாகனத்தை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றை எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்தது கடன். விலைப்பட்டியல் ஒன்றில் ‘வட்டி 9 விழுக்காடு’ என்று எழுதியிருந்தது. அது முழு அசலுக்கும் ஐந்தாண்டுக்கும் சேர்த்துப் போடப்படும் நேர் வட்டி. 6 லட்சம் ரூபாய் கடனுக்கு வட்டி 2.7 லட்சம், மொத்தம் 8.7 லட்சம், மாதத் தவணை 14,500 ரூபாய். அசல் மாதந்தோறும் குறைந்துவரும்போதும் முழு அசலுக்கே வட்டி கட்டுவதால், உண்மையான வட்டி 16 விழுக்காட்டை நெருங்குகிறது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் தவணைக் கடன்களுக்கும் இந்த உண்மையான ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதிதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைத் தமிழில் கேட்டு வாங்கிப் படிப்பது சலுகையன்று, உரிமை.

உறவினர் மகனிடம் ஆண்டுக்கு எத்தனை நாள் லோடு ஓடும் என்று கேட்டேன். தன் விளைச்சலோடு அக்கம்பக்கத்து வாடகையையும் சேர்த்து நூறு நாள் என்றார். ஆண்டுத் தவணை 1,74,000 ரூபாய். அப்படியானால், வண்டி அசையும் ஒவ்வொரு நாளும் 1,740 ரூபாயைத் தவணைக்கென்று முதலில் எடுத்துவைக்க வேண்டும். டீசல், காப்பீடு, டயர், சுங்கம் எல்லாம் அதற்குப் பிறகு. அவர் சற்று நேரம் பேசவில்லை.

அந்த நூறு நாளும் நிச்சயமில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது. 2025 கோடையில், தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, விலை சரிந்து, பழங்கள் வயலிலேயே கிடந்தன. புயலுக்கும் வதந்திக்கும் வருமானம் நிற்கும், தவணை நிற்காது. இரண்டு, மூன்று தவணை தவறினால் வண்டியை எடுத்துச் செல்ல ஆள் வந்துவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் கொள்கையின் முரண்பாடு வெளிப்படுகிறது. அதே விவசாயி டிராக்டர் வாங்கினால் ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அந்தக் கடனை வங்கிகள் பொதுவாக அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணையாகவோ ஆண்டுத் தவணையாகவோ வாங்கிக்கொள்கின்றன. விளைந்ததை ஏற்றிச்செல்லப் பிக்கப் வாங்கினால் ஜிஎஸ்டி 18 விழுக்காடு, தவணை மாதந்தோறும். பதிவுபெற்ற வணிகர் தாம் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம். பதிவு இல்லாத விவசாயிக்கு அது முழுச் செலவு. உழுகிறவரை விவசாயி என்று ஏற்கும் அரசு, அவர் தம் விளைச்சலோடு சந்தைக்குக் கிளம்பியதும் வணிகராகக் கருதிவிடுகிறது.

சுங்கச்சாவடியிலும் இதே நிலைதான். ஒலக்கூரிலிருந்து கோயம்பேடு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; வழியில் ஆத்தூரிலும் பரனூரிலும் சுங்கச்சாவடிகள். 2008 விதிகளின் அடிப்படை வீதப்படி, கிலோமீட்டருக்குக் காருக்கு 65 காசு, இலகுரக வணிக வாகனத்துக்கு 1 ரூபாய் 5 காசு. பின்னர் ஆண்டுதோறும் உயர்ந்தாலும், இந்த ஏற்றத்தாழ்வு தொடர்கிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் 3,000 ரூபாயில் 200 முறை கடக்கும் ஆண்டு பாஸ் அறிமுகமானது. ஆனால், அது வணிகப் பயன்பாடற்ற கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். வார இறுதியில் புதுச்சேரிக்கு உல்லாசப் பயணம் போகும் காருக்குக் கிடைக்கும் சலுகை, விடியற்காலையில் சந்தைக்குப் பழம் ஏற்றிச்செல்லும் மஞ்சள் பலகை வண்டிக்கு இல்லை.

வணிகர்கள் விவசாயி என்ற பெயரில் சலுகையைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்ற ஆட்சேபம் எழலாம். நியாயமான அச்சம்தான். ஆனால், விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவு தமிழ்நாட்டில் நடந்துவருகிறது. ஓர் அடையாள எண்ணுக்கு ஒரு வண்டி, குறிப்பிட்ட எடை வரை என்று வரம்பு வைப்பது கடினமன்று. இதற்கு அடிப்படையும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. விவசாயி தம் சொந்த விளைபொருளைக் கொண்டுசெல்லப் பெறும் கடனை வேளாண் கடனாகவே ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைத் துறை வழிகாட்டுதல் கணக்கில் கொள்கிறது. ஏட்டில் உள்ள அந்தப் பார்வை வங்கிக் கிளையின் தவணை அட்டவணைக்கும் சுங்கச்சாவடிக்கும் வந்துசேர வேண்டும். பருவத்தை ஒட்டிய தவணையும், சிறு விவசாயியின் ஒரு வண்டிக்குச் சுங்க ஆண்டு பாஸும் பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கைகள் அல்ல.

அரசிடம் கேட்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. களையெடுப்புக்கும் நடவுக்கும் செல்லும் பெண்களைப் பிக்கப் தொட்டியில் நிற்கவைத்து அழைத்துச்செல்லும் வழக்கம் எங்கும் இருக்கிறது. சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏறிச்செல்வோருக்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதன்று என்பதை 2002-இல் ஆஷா ராணி வழக்கிலும் 2004-இல் பல்ஜித் கௌர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சரக்கின் உரிமையாளருக்கோ அவருடைய சார்பாளருக்கோதான் பாதுகாப்பு உண்டு. விபத்து நேர்ந்தால் உயிரிழந்த பெண்ணின் குடும்பத்துக்கான இழப்பீட்டை வண்டிக்காரரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். அவரிடம் கொடுக்க எதுவும் இருக்காது. இரண்டு குடும்பங்கள் ஒரே நாளில் அழியும்.

உறவினர் மகன் இன்னும் முடிவெடுக்கவில்லை. தனியாக வாங்குவதைவிட, பக்கத்து நிலத்துக்காரர்கள் மூவரோடு சேர்ந்து வாங்கினால் வண்டி ஓடும் நாள்கள் கூடுமே என்று யோசிக்கிறார். நல்ல யோசனை. ஆனால், கணக்குப் போடத் தெரிந்த ஓர் இளைஞர் தம் விளைச்சலைத் தாமே சந்தைக்குக் கொண்டுசெல்ல இவ்வளவு தயங்க நேர்வது அவருடைய குறையன்று. விளைச்சல் சந்தை சேரும்வரை விவசாயம் முடிவதில்லை என்பதை விதிகள் ஏற்கும் நாளில்தான், அவர் கையிலிருந்த விலைப்பட்டியலின் பெரிய எழுத்துகளுக்கு உண்மையான பொருள் கிடைக்கும்.