இருவர் ஓட்டும் லாரி

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அவசரச் சரக்கு லாரிகளைக் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து ஓட்டுவோர் உண்டு. அந்நாட்டு விதிப்படி, 10 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்த ஓட்டுநர் அதன்பின் 11 மணி நேரமே ஓட்டலாம். ஒருவர் ஓட்ட, மற்றவர் இருக்கைக்குப் பின்னுள்ள படுக்கையில் உறங்கினால் வண்டி நிற்க வேண்டியதில்லை. உதிரிபாகம் இன்றி நின்றுபோன தொழிற்சாலை அந்த நிற்காமைக்குத்தான் விலை தருகிறது. (ஒரே கூண்டில் வாழ்ந்தும் இருவரும் சேர்ந்து விழித்திருக்கும் நேரம் அற்பம். சிறுகதைக்காரர்கள் கவனிக்க.)

எந்த நிறுவனத்தில் சேரலாம் என்று தேடும் தம்பதியர் முதலில் கேட்பது, மைலுக்கு எவ்வளவு என்பதை. நாம் அதைக் கடைசியில் கேட்கச் சொல்வோம். சரக்கு இறக்கிய ஊரில் இரண்டு நாள் காத்துக் கிடந்தால் என்ன கிடைக்கும்? அடுத்த சரக்குக்காக 200 மைல் காலியாக ஓடினால்? களைப்பால் ஒன்றை மறுத்தால் அடுத்த அழைப்பு தாமதமாகுமா? ஓடும் வண்டியில் உறங்கியவருக்கே தன் உறக்கத்தின் தரம் தெரியும்.

சொந்த லாரியை நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவோருக்குக் கூட்டாட்சி விதிகள் சில காப்புகளைத் தருகின்றன: ஆவணங்கள் கொடுத்த 15 நாளுக்குள் பணம், ஒப்பந்தம் முடிந்த 45 நாளுக்குள் வைப்புத்தொகை. ஆனால் இவை உரிமையாளருக்கானவை. லாரி கணவன் பெயரில் இருந்தால், பாதித் தூரம் ஓட்டிய மனைவி அந்தத் தாளில் எங்கே? வருமானம் குடும்பத்துக்குத்தானே என்பது பதிலாகாது. மணமுறிவு வரும் நாளில் அந்தச் சொல் செல்லாது. மைலுக்குச் சில சென்ட் குறைந்தாலும், இருவர் பெயரிலும் பணத்தைப் பிரித்துத் தரும் நிறுவனத்தையே தேர்ந்தெடுக்கலாம் என்பது நம் கட்சி.