பத்துப் பாகையில் ஒரு தொட்டில்

“டாப்சோனியன் தொலைநோக்கி கையால் தள்ளுவதற்கென்றே பிறந்தது, அது தானாக வானத்தைத் தொடர வேண்டும் என்பது பேராசை.” கருத்தரங்கு ஒன்றின் தேநீர் இடைவேளையில் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னது இது. “உங்கள் அட்சக்கோட்டுக்கு நாங்கள் மேடை செய்வதில்லை” என்பது வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரின் ஒற்றை வரி மறுமொழி. முதலாவதை முழுமையாகவும் இரண்டாவதைப் பாதியளவும் மறுக்கவே இப்பதிவு.

இடுக்கியின் தேயிலைத் தோட்டப் பகுதியில், தமிழ்வழிக் குழந்தைகள் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று கொள்ளுங்கள். எட்டு அங்குல ஆடி, 200 மடங்கு உருப்பெருக்கம், கண்வில்லையில் சனிக்கோள். தெரியும் வானத்தின் அகலம் ஏறத்தாழக் கால் பாகை. புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், அந்தக் கால் பாகையைச் சனி ஒரே நிமிடத்தில் கடந்துவிடும். முதல் குழந்தை வளையத்தைக் காண்கிறது. இரண்டாவது குழந்தை ஓரத்தில் ஒரு கீற்றைக் காண்கிறது. மூன்றாவது குழந்தை வெறும் கருமையைப் பார்த்துவிட்டு “தெரியுது சார்” என்கிறது. அந்தப் பொய்யின் தொனியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆசிரியரை வருத்தக்கூடாது என்ற மரியாதையில் பிறக்கும் பொய் அது. தொடரும் மேடையை ஆடம்பரம் என்போர் ஒருமுறையேனும் அவ்வரிசையின் கடைசியில் நின்று பார்க்கட்டும்.

ஜான் டாப்சனின் பெயரால் இம்மறுப்பு எழுவதுதான் வேடிக்கை. சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர் அவர். கழித்துவிடப்பட்ட கண்ணாடியிலிருந்து ஆடி தேய்த்து, ஒட்டுப்பலகையில் பெட்டி அறைந்து, தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் வானைக் காட்டினார். அவர் எளிமையை நாடியது எல்லோரும் காண வேண்டும் என்பதற்காக. கையால் தள்ளுவதைப் புனிதமாக்க அல்ல. மேலும், அவருடைய நகரம் ஏறத்தாழ 38 பாகை வடக்கில் உள்ளது. நமக்கோ பத்து பாகை. சூரியப் பாதையை ஒட்டிச் செல்லும் கோள்கள் இங்கே பெரும்பாலும் உச்சிக்கு அருகிலேயே கடக்கின்றன. செங்குத்து அச்சில் திரும்பும் பெட்டியைத் தள்ளுவதற்கு மிகக் கடினமான இடமும் அதுவே. டாப்சனுக்கு எப்போதாவது நேர்ந்த தொல்லை நமக்கு அன்றாடம்.

இனி விற்பனையாளர். பிரான்சின் அட்ரியன் போன்சே 1977இல் வெளியிட்ட மேடை, வான நடுவரைக்கு இணையான சாய்தளத்தின்மீது வழுக்கி நகர்வது. அச்சாய்வு 90 பாகையிலிருந்து அட்சக்கோட்டைக் கழித்தால் வருவது. பாரிசுக்கு 41, நமக்கு 80. எண்பது பாகையில் சாய்ந்ததைச் சாய்தளம் என்பதா, சுவர் என்பதா? சுவரின்மேல் எடை அமராது. அந்த அளவில் அவர் மறுமொழி நேர்மையானது.

ஆனால் நம் அட்சக்கோடு வேறொன்றை எளிதாக்குகிறது. புவியச்சுக்கு இணையான கோடு இங்கே ஏறத்தாழப் படுத்துக் கிடக்கிறது. எனவே வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு வில் வடிவப் பலகைகள் போதும். ஒவ்வொன்றும் ஓர் இணை உருளைகள்மீது உருளும். அறுபது செ.மீ. இடைவெளியில் வடக்குமுனையில் அச்சு பத்து செ.மீ. சற்றே உயர்ந்தால் சரி. கருவியின் எடைமையம் அந்த அச்சின்மீதே அமைய வேண்டும். இதில் தவறினால் கருவி கவிழும். தெற்கு நோக்கி லேசாக வழுக்க முனைவதால் அங்கே ஒரு பேரிங் தடுப்பு வேண்டும். ஐம்பது செ.மீ. ஆரமுள்ள வில்லின் விளிம்பு நிமிடத்துக்கு 2.2 மி.மீ. நகர வேண்டும், சிறிய ஸ்டெப்பர் மோட்டாருக்கு அது விளையாட்டு.

இதற்கான முன்னுதாரணம் பாலக்காட்டிலிருந்து தொலைவில் இல்லை. உதகை அருகே முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. கோவிந்த் ஸ்வரூப்பின் குழுவினர் அட்சக்கோட்டுக்கு ஒத்த, ஏறத்தாழ 11 பாகை சரிவுள்ள மலையைத் தேடிப்பிடித்து, அதன் சரிவிலேயே வடக்கு தெற்காகக் கிடத்தினார்கள். மலையே அச்சைச் சாய்த்துக் கொடுத்தது. ஒற்றை அச்சில் திருப்பினால் போதும், ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக ஒரே விண்பொருளைத் தொடரலாம். குறைந்த அட்சக்கோட்டைக் குறையெனக் கொண்டிருந்தால் அக்கருவி அங்கே எழுந்திராது. நாமோ பட்டியலில் நம் எண் இல்லையென்று கைகட்டி நிற்கிறோம்.

என் துறைக்காரர்களிடமும் ஒரு வழக்கு உண்டு. ‘ஈக்வடோரியல்’ என்பதை ‘நிலநடுக்கோட்டு’ என்று பெயர்த்துவிட்டு ஓய்ந்துவிடுகிறோம். நிலநடுக்கோட்டு நாடுகளுக்கான கருவி என்றே மாணவர் பொருள்கொள்கிறார். அச்சு துருவத்தை நோக்குகிறது என்பது சொல்லில் எங்குமே இல்லை. சித்தூரில் தச்சர் ஒருவரிடம் ‘நிலநடுக்கோட்டு மேடை’ வேண்டும் என்றேன். “எந்தக் கோயில் திருவிழாவுக்கு?” என்றார். தொட்டில் மாதிரி, கிழக்கிலிருந்து மேற்கே ஒரே ஒரு தடவை ஆட வேண்டும் என்றதும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். கலைச்சொல் குழுக்களில் ஒரு நாற்காலி தச்சருக்கு வேண்டும் என்பதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கணினியே இயக்கும் டாப்சோனியன்கள் விற்பனைக்கு உள்ளன என்பதை அறிவேன். அவற்றின் விலையையும் அறிவேன். துருவ நட்சத்திரம் இல்லாமல் எப்படித் திசை அமைப்பீர்கள் என்ற கேள்வி நியாயமானது: பத்து பாகை உயரத்தில் இருப்பதை நம் மலைகள் மறைத்துவிடும். முற்பகலிலும் பிற்பகலிலும் ஒரு நட்டகுச்சியின் நிழல் சம நீளமாகும் இரு புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக வரைந்தால் வடக்கு கிடைத்துவிடும். பார்வைக்கு அத்துல்லியம் போதும்.

தொட்டில் இருபுறமும் ஏழரை பாகை சாயும். ஒருமுறை ஓட ஒரு மணி நேரம். பிறகு கிழக்கே திருப்பி வைக்க வேண்டும். முப்பது குழந்தைகளுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் அதே ஒரு மணி நேரம்தான். வரைபடம் கேட்போர் தம் கருவியின் எடைமையம் தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்பதை அளந்து எழுதுங்கள். வில்லின் ஆரத்தைக் கணக்கிட்டு அனுப்புகிறேன்.